எண்ணெய்க் கிணறும் ஊசி முனையும்

 

கடற்கரைப் பட்டணம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் ஒரு மாத காலமாக என் மேசைமீது இருக்கின்றது. அவருடைய மகன் புரூணை நாட்டில் ஓர் உணவகத்தில் பணிபுரிகின்றார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் பங்களாதேஷைச் சேர்ந்த இளைஞர். கட்டட வேலை செய்பவர். தாயார் கேட்கின்றார்: "இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். இரண்டும் ஆசியாவில்தான் இருக்கின்றன. ஒரு நாட்டில் மக்கள் வருமான வரி என்றால் என்னவென்றே அறியார்களாம். மற்ற நாட்டிலிருந்து பிள்ளைகள் கடன்பட்டுக் கடல் தாண்டி வருகின்றார்களாம். ஏன் இந்த மலையும் மடுவும்? அந்தப் பணக்கார நாட்டிலும் வேலையில்லாத வாலிபர்கள் இருப்பதாக என் மகன் சொல்கின்றான். அது எப்படி?"

கடிதத்தின் இறுதியில் வேறொரு கேள்வியும் உண்டு. மகன் அங்கேயே நிலைத்து வாழ விரும்புகின்றாராம். அதற்காக ஊரிலுள்ள மனையை விற்று அனுப்பலாமா என்று கேட்டிருக்கின்றார். அதற்குப் பின்னர் வருவோம்.

புரூணை நம் சபுராளிகளுக்குப் புதிய பெயரன்று. எனினும் அதன் அளவைச் சொன்னால் பலரும் வியப்படைவர். போர்னியோத் தீவின் வடகரையில் 5,765 சதுர கிலோமீட்டர் பரப்பு. மக்கள் தொகை ஏறத்தாழ நான்கரை இலட்சம். அந்தச் சிறு நிலத்தையும் மலேசியாவின் சரவாக் மாநிலத்தைச் சேர்ந்த லிம்பாங் பகுதி நடுவே புகுந்து இரண்டாகப் பிளந்திருக்கின்றது. ஒரு துண்டிலிருந்து மற்றொரு துண்டுக்குச் செல்லப் படகேற வேண்டும். இல்லையேல் அடுத்த நாட்டின் எல்லைச் சாவடிகளைக் கடந்து செல்ல வேண்டும். 2020இல் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் திறக்கப்பட்ட பிறகே இந்த அவதி நீங்கிற்று. நாலரை இலட்சம் மக்களுக்காக முப்பது கிலோமீட்டர் பாலம்! கையில் எண்ணெய்ப் பணம் இல்லாத நாடு இதனைக் கனவிலும் நினைத்திராது.

பங்களாதேஷோ நம் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய நிலப்பரப்புடையது. அதற்குள் ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாழ்கின்றனர். தமிழகத்தின் மக்கள்தொகையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். அந்த நிலமும் நிலையான நிலமன்று. கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. ஆறு கொடுத்ததை ஆறே எடுத்துக்கொள்ளும். நேற்று வரை வயலாக இருந்த இடத்தில் இன்று நீர் ஓடும். இன்று நீர் ஓடும் இடத்தில் சில ஆண்டுகளில் மணல்திட்டு எழும். வீடிழந்தவர்கள் அதன்மேல் குடிசை கட்டுவார்கள்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், புரூணையும் நீர்மேல் வாழ்ந்த நாடுதான். 1521இல் மெகல்லனின் கப்பல்கள் (அவர் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்ட பின்னர்) புரூணைத் துறைக்கு வந்தபோது உடன் வந்த பிகாஃபெட்டா என்ற இத்தாலியர், நகரமே நீரின்மேல் கால் நட்டு நிற்பதாகவும் அதில் 25,000 அடுப்புகள் எரிவதாகவும் எழுதி வைத்தார். கம்போங் ஆயிர் எனப்படும் அந்த நீர்க் கிராமம் இன்றும் தலைநகரின் நடுவே இருக்கின்றது. ஆனால் அரசு கரையில் வீடுகள் கட்டித் தரத் தரக் குடும்பங்கள் நிலத்திற்கு ஏறிவிட்டன.

1929ஆம் ஆண்டு அந்நாட்டின் தலையெழுத்தை மாற்றியது. செரியா என்னும் கடலோரச் சதுப்பில் எண்ணெய் கிடைத்தது. 1991இல் அந்த ஒரே வயலிலிருந்து நூறு கோடியாவது பீப்பாய் எடுக்கப்பட்டது. அதன் நினைவாக அங்கே சின்னமே எழுப்பியிருக்கின்றார்கள். 1970களின் தொடக்கத்திலிருந்து எரிவாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றி ஜப்பானுக்கு அனுப்பலாயினர். பிரிட்டிஷ் பாதுகாப்பிலிருந்து முழு விடுதலை பெற்றது 1984 ஜனவரி முதல் நாளில். ஆகவே விடுதலை பெறும்போதே செல்வ நாடாக இருந்தது. 1980களில் அந்த அரசு ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் ஒரு மாட்டுப் பண்ணை வைத்திருந்தது. அந்தப் பண்ணையின் பரப்பு புரூணை நாட்டின் பரப்பைவிடப் பெரிது என்றால் எஞ்சியதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

குடிமகனுக்குக் கிடைப்பன யாவை? தனிநபர் வருமான வரி இல்லை. கல்வி இலவசம். மருத்துவத்திற்குப் பெயரளவுக்கு ஒரு டாலர். பெட்ரோல் லிட்டர் 53 சென். அரை டாலருக்குச் சற்றே மேல். அரிசிக்கும் வீட்டிற்கும் அரசின் உதவி உண்டு. முதியோருக்கு மாத உதவித்தொகை 1955 முதலே வழங்கப்படுகின்றது. அவர்களுடைய நாணயம் 1967 முதல் சிங்கப்பூர் டாலருக்குச் சமமான மதிப்புடையது. ஒன்றை மற்ற நாட்டில் அப்படியே செலவழிக்கலாம்.

இவையெல்லாம் மெய்யே. எவரும் பட்டினி கிடக்காத நாட்டைக் குறை சொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆயினும் அந்தத் தாயாரின் மகன் சொன்னதும் மெய்யே. 2017இல் அந்நாட்டில் வேலை தேடுவோரில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு வேலை இல்லை. இளைஞர்களைத் தனியே கணக்கிட்டால் நூற்றுக்கு இருபதுக்கும் மேல். அதே வேளையில் உணவகத்திலும் கட்டடத்திலும் கடையிலும் வீட்டு வேலையிலும் நிறைந்திருப்பவர்கள் வெளிநாட்டினர்!

காரணத்தை ஆராய்ந்தால் எண்ணெய்த் தொழிலின் தன்மையே விடையாக நிற்கின்றது. எண்ணெய்க்குப் பெருமூலதனம் வேண்டும். பெருந்தொகையான கைகள் வேண்டாம். சில ஆயிரம் பேர் இயக்கும் கிணறுகளும் குழாய்களும் நாடு முழுவதற்கும் சோறு போடுகின்றன. பணம் நேரே அரசின் கருவூலத்திற்குச் செல்கின்றது. அரசு அதை மக்களுக்குச் சம்பளமாகவும் சலுகையாகவும் பகிர்கின்றது. எனவே படித்த பிள்ளையின் கண் அரசு உத்தியோகத்தின்மீதே நிற்கும். அங்கே சம்பளமும் விடுமுறையும் வீட்டுக் கடனும் உண்டு. உணவகத்தில் தட்டு கழுவ அவன் ஏன் வருவான்? அரசு நாற்காலிகளோ வரம்புக்குட்பட்டவை. ஆகவே அவன் காத்திருக்கின்றான். தனியார் தொழில் அவனைத் தேடவில்லை. அவனும் அதைத் தேடவில்லை. நடுவில் நம் பிள்ளை கடல் கடந்து சென்று அந்த வேலையைச் செய்கின்றார்.

கிணற்று விலை நம் கையில் இல்லை என்பது அடுத்த சங்கடம். 2013 முதல் 2016 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து புரூணையின் பொருளாதாரம் சுருங்கியது. 2014இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும் வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தது. அதற்கு முன்பே, 2035ஆம் ஆண்டுக்குள் எண்ணெயை மட்டும் நம்பாத நாடாக மாற வேண்டும் என்று திட்டம் வகுத்திருந்தார்கள். 2019இல் சீன நிறுவனம் ஒன்றின் பெரும் சுத்திகரிப்பாலை தொடங்கப்பட்டது. அதுவும் எண்ணெய்தான் என்பதை வாசகர்கள் கவனிக்கவும்.

இனிப் பங்களாதேஷ். நாடு பிறக்கும்போதே அதன் தொட்டிலில் மரணம் படுத்திருந்தது. 1970 நவம்பர்ப் புயலில் மூன்று இலட்சத்திற்கும் குறையாத மக்கள் மாண்டனர். 1971இல் போர். 1974இல் பஞ்சம். இந்த நாடு தேறாது என்று உலகின் பெரிய மனிதர்கள் பலர் கை கழுவினர். மண்ணுக்கடியில் எரிவாயு ஓரளவு உண்டு. ஆனால் அது சொந்த மின் நிலையங்களுக்கும் உர ஆலைகளுக்குமே போதவில்லை. புரூணை திரவ எரிவாயுவை விற்கும் நாடு. பங்களாதேஷ் 2018 முதல் அதனை வாங்கும் நாடு.

அத்தகைய நாட்டில் நடந்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகின்றேன். இது நம் இல்லத்தரசிகள் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது.

ஃபஸ்லே ஹஸன் ஆபித் என்பவர் சிட்டகாங்கில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தார். புரூணையில் எண்ணெய் எடுப்பதும் அதே ஷெல்லின் கூட்டு நிறுவனம்தான் என்பது ஒரு பொருத்தம். புயலும் போரும் அவர் உள்ளத்தை மாற்றின. பதவியைத் துறந்து 1972இல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நாளில் பங்களாதேஷில் குழந்தைகளைக் கொள்ளை கொண்ட நோய் வயிற்றுப்போக்கு. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அருந்தச் செய்தால் உயிர் தப்பும் என்பதை 1968இல் டாக்காவிலிருந்த காலரா ஆய்வுக்கூடமே மெய்ப்பித்திருந்தது. ஆனால் பொட்டலம் ஒவ்வொரு குடிசைக்கும் எப்படிப் போய்ச் சேரும்? பணம் இல்லை, சாலை இல்லை, மருந்துக் கடையும் இல்லை.

பொட்டலம் வேண்டாம், தாயின் கையே போதும் என்று முடிவு செய்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அவ்வளவுதான். 1980 முதல் 1990 வரை பிராக் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று இதனைக் கற்பித்தார்கள். ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகள்! சம்பளம் வழங்கிய முறையே புதுமையானது. பணியாளர் எத்தனை வீட்டுக்குச் சென்றார் என்பதைக் கொண்டு மட்டும் கூலி நிர்ணயிக்கப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று அந்தத் தாயைக் கரைத்துக் காட்டச் சொல்வார். தாய் சரியாகச் செய்தால் கற்பித்தவருக்குக் கூலி உயரும். தாய் மறந்திருந்தால் குறையும். நம் பள்ளிக்கூடங்களில் இந்த முறை வந்தால் என்னவாகும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்களே தவிரப் பயன்படுத்தவில்லை. விசாரித்தபோது கற்பித்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது! அவர்களை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்று கண்ணால் காணச் செய்தனர். தாய்மார் முன்னிலையில் கரைசலைத் தாமே பருகிக் காட்டச் சொன்னார்கள். வீட்டு ஆண்கள் மறுத்தால் எதுவும் நடவாது என்பதால் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களுக்கும் எடுத்துரைத்தார்கள். பிறகுதான் கரைசல் குழந்தையின் வாய்க்குச் சென்றது.

புயலிலும் இதே கதைதான். 1970களின் தொடக்கத்திலேயே தொண்டர் படை ஒன்று அமைக்கப்பட்டது. ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் சென்று ஊரை எழுப்புவது அவர்கள் வேலை. மேடான இடங்களில் காங்கிரீட் காப்பகங்கள் எழுந்தன. 1991 புயலில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007இல் வந்த சிடர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். 2020இல் ஆம்பன் புயலில் பங்களாதேஷின் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கிற்று. புயலைப் பார்த்துப் பழகிய நம் கடற்கரை மக்களுக்கு இந்த எண்களின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ஊசி முனைக்கு வருவோம். 1979இல் நூருல் காதர் என்ற முன்னாள் அரசு அதிகாரி தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 130 பேரைத் தையல் பயிற்சிக்காகக் கொரியாவுக்கு அனுப்பினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் அவரை விட்டு விலகித் தாமே ஆலை தொடங்கினர், அல்லது பிறர் தொடங்கிய ஆலைகளுக்குப் போயினர். முதலாளிக்கு நட்டம், நாட்டுக்கு இலாபம். வணிகம் அறிந்த வாசகர்களுக்கு இன்னொரு நுணுக்கத்தையும் சொல்லுகின்றேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய எல்.சி. என்னும் வங்கி உறுதிப் பத்திரத்தை ஈடாகக் காட்டினால், துணி இறக்குமதி செய்ய மற்றோர் எல்.சி. வங்கி தரும். கையில் முதல் இல்லாதவரும் ஆர்டர் இருந்தால் ஆலை நடத்தலாம். இன்று அந்நாட்டின் ஏற்றுமதியில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ஆயத்த ஆடை. ஏறத்தாழ நாற்பது இலட்சம் தொழிலாளர்கள், பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டாத கிராமத்துப் பெண் மாதச் சம்பளம் வாங்கும் மகளானாள். 1994 முதல் பெண்பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்து படிக்க அரசு உதவித்தொகை தந்தது. 1970களில் ஒரு தாய்க்கு ஆறு ஏழு குழந்தைகள் என்றிருந்த நிலை மாறி இன்று இரண்டுக்குச் சற்று மேல் என்றாயிற்று.

இப்போது இரண்டு நாடுகளையும் தராசில் வைப்போம். தலைக்கு வருமானம் புரூணையில் ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல். பங்களாதேஷில் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். சராசரி ஆயுளைப் பாருங்கள்: புரூணையில் எழுபத்தைந்து, பங்களாதேஷில் எழுபத்துமூன்றை ஒட்டி. வருமானத்தில் பன்னிரண்டு மடங்கு. வாழ்நாளில் இரண்டொரு ஆண்டுகள்! தென்கிழக்கு ஆசியாவிலேயே உடற்பருமன் மிகுந்த நாடுகளில் ஒன்று புரூணை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு இரண்டு மூன்று கார்கள். நடப்பதற்கு வேளை ஏது?

இதைக் கண்டு வறுமையைப் புகழ யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். ஊசி முனையில் இரத்தமும் இருக்கின்றது. 2013 ஏப்ரல் 23ஆம் நாள் டாக்கா அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் கண்டது. கீழ்த் தளத்திலிருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேல் தளங்களில் தையல் ஆலைகள். அந்தப் பெண்களை மறுநாள் காலை வேலைக்கு ஏறச் சொன்னார்கள். ஏறினார்கள். 1,134 பேர் இறந்தார்கள். வங்கி ஊழியருக்கு அச்சப்பட உரிமை இருந்தது. தையற்காரிக்கு ஒரு நாள் கூலியை இழக்கும் துணிவுகூட இல்லை. இரண்டு வகுப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு அன்று உயிரளவு ஆயிற்று. அதன் பிறகு ஆலைகளைச் சோதிக்கும் ஏற்பாடுகள் வந்தன. பல ஆலைகள் சீர்ப்பட்டன. 2023 டிசம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 12,500 டாக்கா ஆக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் நூற்றுப் பத்து டாலரைச் சற்றே தாண்டிய தொகை. பெண்கல்வி பெருகியும், இருபதுகளில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதமும் புரூணையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

இன்னொரு செய்தி என்னை வெகு நேரம் சிந்திக்க வைத்தது. 2024 ஜூலையில் பங்களாதேஷ் மாணவர்கள் தெருவுக்கு வந்தது எதற்காக? அரசு வேலையில் விடுதலைப் போராளிகளின் வழித்தோன்றல்களுக்கு ஒதுக்கப்பட்ட நூற்றுக்கு முப்பது இடங்களை எதிர்த்து. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தபின், ஆகஸ்ட் 5ஆம் நாள் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி துறந்து நாட்டை விட்டு வெளியேறினார். அரசு நாற்காலிக்கான ஏக்கம் புரூணையில் மௌனமான காத்திருப்பு. டாக்காவில் அதுவே பேரெழுச்சி. தையல் ஆலைகள் நாற்பது இலட்சம் கைகளுக்கு வேலை கொடுத்தன. பட்டம் வாங்கிய தலைகளுக்குக் கொடுக்கவில்லை. முந்தைய ஆட்சியின் வளர்ச்சிக் கணக்குகள் ஊதிக் காட்டப்பட்டவை என்று அதே ஆண்டு டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கை உரைத்தது. ஆண்டுக்குச் சராசரி 1,600 கோடி டாலர் களவாக வெளியேறியது என்றும் அது கணக்கிட்டது. அதே நாட்டின் சபுராளிகள் 2024-25 நிதியாண்டில் ஊருக்கு அனுப்பிய தொகை 3,000 கோடி டாலர். ஏழையின் மகன் வெயிலில் நின்று அனுப்பியதில் பாதியளவு, பெரிய மனிதர்களின் பைகளில் வெளியே போயிருக்கின்றது!

அம்மா, தங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகின்றேன். புரூணையில் வேலை அனுமதி என்பது குறிப்பிட்ட முதலாளியோடும் குறிப்பிட்ட காலத்தோடும் கட்டுண்டது. குடியுரிமையோ எளிதில் கிட்டுவதன்று. அந்நாட்டில் பிறந்து, அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழும் சீன வம்சத்தாரில் பலர் இன்னும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இன்றி நிரந்தர வாசிகளாகவே இருக்கின்றார்கள். எண்ணெயின் பங்கு குடிமக்களுக்கு. அவருக்கு அவர் உழைத்த கூலி. ஆகவே மனையை விற்க வேண்டாம். தம்பியிடம் மூன்று செய்திகளைக் கேட்டு எழுதுங்கள்: கடவுச்சீட்டு அவர் கையில் இருக்கின்றதா? அனுமதி எந்தத் தேதியில் முடிகின்றது? ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமும் கைக்கு வருகின்ற சம்பளமும் ஒன்றா?

அந்தப் பங்களாதேஷ் தோழருக்கு என் ஸலாமைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுத்து அவர் அங்கே வந்தார், அந்தக் கடன் அடைய எத்தனை மாதங்கள் ஆயின என்பதையும் அவர் மனம் ஒப்பினால் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அதனைப் பற்றித் தனியே எழுதுகின்றேன்.